சீப்புப் பலகை

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்கு
நூற்று நாற்பது தட்டு.
தட்டுக்கு ஏழு பள்ளம்,
பள்ளத்தின் மேல் நீல வெல்வெட்,
ஆடி பிறக்குமுன் வேண்டும்.

மரம் ஏற்காட்டுச் சில்வர் ஓக்.
காப்பிக்கு நிழலாகவும்
மிளகுக்கொடிக்குத் தோளாகவும் நின்றுவிட்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
தாதகாப்பட்டியில் என் தகரக் கொட்டகைக்கு வந்தது.
ஓட்டிவந்தவன் அமலதாஸ்.
அவனுக்கும் எனக்கும் எல்லாம் பாதிப் பாதி,
கடன், லாபம், டீக்கணக்கு.

ரூட்டர் மேசையில் பிட்
நிமிடத்துக்கு இருபத்திரண்டாயிரம் சுற்று.
சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாது.
சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.
தெரியாத ஒன்றின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக
மரச்சட்டம் ஒரு சாக்கு.

வலமிருந்து இடம் தள்ள வேண்டும்,
சுற்றுக்கு எதிராக.
மலையேறும் லாரி மாதிரி முனகும். முனகட்டும்.
முனகாமல் வழுக்கிப் போனால்தான் பயம்.
அது இறங்குகிற வண்டி,
பிரேக் உன் காலடியில் இல்லை.

ஆனி ஒன்பது, மூன்றரை மணி.
அறுபத்து மூன்றாம் தட்டின் ஓரச்சட்டம்.
கரண்ட் போய் வந்த அவசரம்.
ஒரு கணு.
நான் பார்ப்பதற்கு முன் பிட் அதைப் பார்த்துவிட்டது.
சட்டம் முழங்கையை உரசிக்கொண்டு
வலப்பக்கச் சுவருக்குப் பறந்து
மளிகைக்கடை நாள்காட்டியில் குத்தி நின்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அமலதாஸ்
முதலில் என் கைகளைப் பார்த்தான்.
எண்ணுவது தெரியக் கூடாதென்று
உதட்டை இறுக்கிக்கொண்டு எண்ணினான்.
பிறகு, "பத்து" என்றான்.
அவனிடம் ஒன்பதரை.
சூரமங்கலத்தில் பழைய பட்டறையில் போன அரை.
ரேஷன் கடை மெஷின் அவனை
மோதிர விரலில் மட்டுமே நம்பும்.

அன்று மாலை ஒரு வாகைத் துண்டு எடுத்தேன்.
முனையைச் சாய்வாக அறுத்து
பல் பல்லாகக் கீறினேன்.
பல் தடித்தால் வளையாது, மெலிந்தால் ஒடியும்.
முதல் சீப்பு அடுப்புக்குப் போனது.
மஞ்சள் பிளாஸ்டிக்கில் ரெடிமேடாகவே இருக்கிறதென்று
அமலதாஸ் கடைத்தெருவில் விலை கேட்டு வந்தான்.
கேட்டு மட்டும் வந்தான்.

இரண்டாவது சீப்பு நின்றது.
பிட்டுக்குச் சற்று முன்னால், கிளாம்ப் போட்டு.
மேலிருந்து அழுத்த இன்னொன்று.
தள்ளினால் பற்கள் குனிந்து வழிவிடும்,
பின்னால் இழுத்தால் நிமிர்ந்துகொள்ளும்.
மீன் பறியின் வாய் அப்படித்தான்,
உள்ளே போகலாம்,
யோசித்துத் திரும்ப முடியாது.
சட்டத்தின் கடைசிச் சாணுக்கு
குதிகால் வைத்த தள்ளுகட்டை.
என் விரல்களுக்கு அங்கே வேலை இல்லை.

"மாட்டிக் கழட்டுற நேரத்துல
பத்துச் சட்டம் ஓட்டிடலாம்."
சொன்னது ஒன்பதரை.
நான் நாள்காட்டியைக் காட்டினேன்.

அதை நான் மாற்றவில்லை.
மறுநாள் தாளைக் கிழித்தால்
பத்தாம் தேதியிலும் ஓட்டை,
சரியாக எமகண்டம் போட்டிருக்கும் இடத்தில்.
அந்த மாதம் முழுக்க எமகண்டம் எத்தனை மணிக்கென்று
கொட்டகையில் யாருக்கும் தெரியாது.

தட்டுகள் போய்ச் சேர்ந்தன.
கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து
பந்தல்காரர்கள் மூங்கில் பிரித்தார்கள்.
பாதிப் பணம் வந்தது. மீதிக்குக் கடைக்காரர்
புருஷோத்தமன், "ஆவணி பிறக்கட்டும்" என்றார்.
ஆவணி பிறந்தது, அவர் போன் எடுக்கவில்லை.

ஓட்டை தாளுக்குத் தாள் சிறுத்தது.
கட்டைவிரல் அளவு, மிளகளவு,
பிறகு வெறும் அமுங்கல்,
நகத்தால் தடவினால்தான் தெரியும்.
ஆவணி ஐந்தில் அதுவும் இல்லை.
தாள் முழுசு.
எமகண்டம் அச்சடித்தபடி தெளிவாக.

மணியை வாசித்தேன்.
சீப்பை அரை நூல் உள்ளே நகர்த்தி
கிளாம்பை முடுக்கினேன்.